இருவராக வால்பாறைக்கு: மலைக் காட்சிகளைப் படமெடுக்கவும் இருந்து ரசிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

கணவன் மனைவி இருவராக வால்பாறைக்குச் சென்று, இரண்டு இரவுகள் தங்கி, மலையையும் மூடுபனியையும் தேயிலைச் சரிவுகளையும் படமெடுத்துத் திரும்ப விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் கணவரும் வெவ்வேறு பருவங்களில் இந்தப் பயணத்தைச் செய்திருக்கிறோம். படமெடுப்பவள் நான், தொலைநோக்கியுடன் அருகில் உட்கார்ந்திருப்பவர் அவர். எங்களுடன் முதன்முறையாக வந்த நண்பர்கள் எந்தெந்த இடத்தில் தடுமாறினார்கள் என்பதைக் கவனித்தே இந்த வரிசையை அமைத்திருக்கிறேன்.

பெரும்பாலோர் எந்தக் கேமரா என்பதில் தொடங்கி, எந்த இடம் என்பதற்கு வந்து, எந்த நேரம் என்பதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். இந்தப் பயணத்துக்கு அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். இருவருக்கும் இடையிலான உடன்பாடு முதலில் வர வேண்டும். பிறகு மாதம், பிறகு நாளின் நேரம், அதன் பிறகே இடம். கருவி கடைசி.

1. வீட்டிலேயே இருவரும் பேசி முடிக்க வேண்டியவை

இயற்கைக் காட்சியைப் படமெடுப்பது என்பது பெரும்பாலும் காத்திருப்பதுதான். கேமராவைப் பிடித்திருப்பவருக்கு நாற்பது நிமிடம் கழிவதே தெரியாது. பக்கத்தில் சும்மா நிற்பவருக்கு அது நெடுநேரம். எங்களுடன் வந்த ஒரு நண்பர், ஒரே கொண்டை ஊசி வளைவில் ஒன்றரை மணி நேரம் நின்றார். அவருடைய மனைவி அவ்வளவு நேரமும் காருக்குள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் அந்த நண்பர் தனியாகத்தான் எழுந்து வந்தார்.

ஆகவே புறப்படுவதற்கு முன்பே மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். முதலாவது, ஒரு நாளில் கேமராவுக்கென்று ஒதுக்கும் நேரம். விடியலில் ஒன்றரை மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் போதும். மற்ற நேரம் முழுவதும் இருவருக்கும் பொது. இரண்டாவது, படமெடுக்காதவருக்கு உண்மையான ஒரு வேலை இருக்க வேண்டும். மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பது, பின்னால் என்ன நடமாடுகிறது என்று கவனிப்பது, இடமும் நேரமும் திசையும் குறித்துவைப்பது ஆகிய மூன்றையும் என் கணவர் செய்கிறார். வ்யூஃபைண்டருக்குள் கண்ணை வைத்திருப்பவருக்கு அந்தச் சட்டத்துக்கு வெளியே எதுவும் தெரியாது. யானை நடமாடும் ஊரில் இரண்டாவது ஆளின் கண்தான் காவல்.

மூன்றாவதை நான் மிகவும் வலியுறுத்துவேன். எந்த இடத்தில் இறங்கினாலும் முதல் பத்து நிமிடம் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, காற்று எதை அசைக்கிறது, கண் மீண்டும் மீண்டும் எங்கே போய் நிற்கிறது என்பது பிடிபடும். ஒருமுறை அப்படி உட்கார்ந்திருந்தபோது, “இங்க பாரு, கீழ பள்ளத்துல இருந்து புகை மாதிரி ஏறுது” என்றார் என் கணவர். நான் பார்த்துக்கொண்டிருந்தது எதிரே இருந்த மலையை. அன்று எடுத்த படங்களில் நிலைத்தது அந்தப் பள்ளத்தின் படம் மட்டுமே.

2. மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்த மலையில் மிகக் கடுமையாகப் பெய்யும். வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அந்த மாதங்களில் காட்சிமுனைகள் நாள்கணக்கில் வெண்மையாக மூடிக்கிடக்கும். பாசியும் ஓடையும் சோலைக்காட்டின் உட்புறமும் எடுக்க விரும்புபவர்களுக்கு அது நல்ல காலம். மலையடுக்குகளைப் பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

முதன்முறை செல்பவர்களுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலத்தைச் சொல்வேன். இரவு குளிர்ந்து, விடியலில் பள்ளங்களில் மூடுபனி தேங்கி, வெயில் ஏறியதும் கலையும். ஒரே காலையில் மூன்று வகையான காட்சி கிடைக்கும். மார்ச்சுக்குப் பிறகு தூரத்து மலைகளை வெப்பப் புகைமூட்டம் மங்கலாக்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகல்களில் எழும் இடிமேகங்கள் அதை ஓரளவு ஈடுகட்டும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையால் மலைப்பாதையில் மண் சரியக்கூடும் என்பதால், வானிலை அறிவிப்பைப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும். எனக்குப் பிடித்தது செப்டம்பர் பிற்பகுதி. மழை இடைவெளி விடத் தொடங்கும், தேயிலை அப்போதுதான் கழுவிவைத்ததுபோல் இருக்கும், கூட்டமும் இராது. ஆனால் இரண்டு நாளும் மழையிலேயே கழியக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டு போக வேண்டும்.

மாதத்தோடு சூரியன் எழும் இடமும் மாறும். வால்பாறையின் அட்சரேகையில், டிசம்பர் இறுதியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை தெற்கே எழும். ஜூன் இறுதியில் அதே அளவு வடக்கே எழும். எனவே ஜனவரியில் யாரோ எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு மே மாதத்தில் அதே வளைவில் போய் நின்றால், சூரியன் வேறொரு மலைக்குப் பின்னால் இருக்கும். நேரமும் அப்படித்தான். ஜனவரி நடுவில் சூரியோதயம் காலை 6:40 அளவில். மே இறுதியில் 6:00 அளவில்.

நீண்ட வார விடுமுறை, பொங்கல், தீபாவளி நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்நாட்களில் மலைப்பாதையில் வண்டியை நிறுத்தவே இடம் கிடைக்காது.

3. அனுமதியும் தங்குமிடமும்

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் முறை, 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் வந்துவிட்டது. வீட்டிலிருந்தே பதிவு செய்து, அதைக் கைப்பேசியில் சேமித்தும் ஒரு தாளில் அச்சிட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு பதிவு செய்ய முயன்றவர்கள், காலை வெளிச்சத்தை அங்கேயே இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வால்பாறைப் பீடபூமியைச் சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களோ தனியாருடையவை. ஆகவே சாலையை விட்டு எந்தப் பக்கம் காலெடுத்து வைத்தாலும் அது வனத்துறையின் நிலமாகவோ ஒரு தோட்டத்தின் நிலமாகவோதான் இருக்கும். தோட்டத்துக்குள் செல்லக் காவலாளியிடமோ அலுவலகத்திலோ கேட்க வேண்டும்; பெரும்பாலும் பணிவாகக் கேட்டால் எங்கே நிற்கலாம் என்று அவர்களே சொல்வார்கள். மருந்து தெளிக்கும் நாளாக இருந்தால் அந்தப் பகுதிக்குள் போகவே கூடாது. புல்மலை போன்ற காப்பகத்தின் உட்பகுதிகளுக்கு வனத்துறையின் முன் அனுமதி தேவை. டிரோன் கொண்டுவர வேண்டாம். காப்பகத்தில் அனுமதியின்றி அதைப் பறக்கவிடுவது குற்றம், பறவைகளுக்கும் தொல்லை.

தங்குமிடத்தை அறையின் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். விடியலில் வண்டியை எடுக்காமலேயே, வேலிக்குள் நின்றபடி கிழக்குப் பக்கம் திறந்த சரிவைப் பார்க்க முடியுமா என்று தொலைபேசியில் கேளுங்கள். இருட்டோடு தோட்டச் சாலையில் செல்வது இந்த ஊரில் ஆபத்து என்பதால், இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலே உங்கள் விடியலைத் தீர்மானிக்கும்.

பொள்ளாச்சியில் தங்கி அதிகாலையில் மலையேறிவிடலாம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். அது நடவாது. தூரம் சுமார் 64 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, அரசுப் பேருந்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். போதாததற்கு, ஆழியாறு சோதனைச் சாவடியில் இரவு நேரக் கட்டுப்பாடுகளும் உண்டு. மலைமேல் தங்கினால் மட்டுமே விடியல் கிடைக்கும்.

4. பையில் இருக்க வேண்டியவை

நல்ல கைப்பேசி ஒன்றும் ஒரு சிறிய முக்காலியும் இருந்தாலே தொடங்கிவிடலாம். கேமரா வைத்திருப்பவர்கள், அகலக் கோண லென்ஸோடு ஒரு ஜூம் லென்ஸையும் எடுத்துக்கொள்வது நல்லது. மலையடுக்குகளுக்கு அகலக் கோணம்தான் வேண்டும் என்பது புதியவர்களின் பொதுவான எண்ணம். உண்மையில் அகலக் கோணம் தூரத்து மலையைச் சிறு மேடாக்கிவிடும். 70 முதல் 200 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸ்தான் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் காட்டும்.

போலரைசர் ஃபில்டர் ஒன்று அவசியம். நனைந்த இலையின் பளபளப்பைக் குறைத்து, அதன் உண்மையான பச்சையை வெளியே கொண்டுவரும் வேலையைப் பின்னர் கணினியில் செய்ய முடியாது. உபரி பேட்டரி, உபரி மெமரி கார்டு, இரண்டு பருத்தித் துணிகள், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், கேமராவை மூட ஒரு தடித்த உறை, ஒரு டார்ச் ஆகியவையும் வேண்டும்.

உடம்புக்கு: முழங்கால் வரை ஏறும் அட்டைக் காலுறை, மழைச்சட்டை, சுடுநீருக்கு ஒரு ஃபிளாஸ்க். ஈரக் காலத்தில் அட்டை காலில் ஏறாமல் இருக்காது. ஏறிவிட்டால் பிடித்து இழுக்காமல் சிறிது உப்பை வைத்தால் தானே விழும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். எவர்சில்வர் புட்டியும் டிபன் டப்பாவும் போதும்.

உடையைப் பற்றி ஒரு குறிப்பு. விலங்கையும் பறவையையும் பார்க்கப் போகும்போது மண்ணிறமோ மங்கிய பச்சையோ உடுத்துங்கள். கூடவே கடுகு மஞ்சளிலோ செங்கல் சிவப்பிலோ ஒரு சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று பத்தாம் பகுதியில் சொல்கிறேன்.

5. மலையேறுதல்: முதல் நாள் காலை

ஆழியாறு அணையைக் கடந்ததும் தொடங்கும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. காலை ஏழு, எட்டு மணிக்குள் அடிவாரத்தில் இருங்கள். வெயில் சாய்வாக விழும்போதே கீழ்ப்பாதியைக் கடந்துவிடலாம். எதிர்வரும் வண்டிகளும் குறைவாக இருக்கும். ஏறும் வண்டிக்கே வழி முதலில் என்றாலும், ஒவ்வொரு வளைவிலும் ஒலியெழுப்பிவிட்டுத் திரும்புங்கள். மூடுபனிக்குள் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீமில் வைத்தால் சாலை தெரியும். தலைசுற்றல் உள்ளவர் முன் இருக்கையில் அமர்ந்து, இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடாமல் கிளம்பட்டும்.

வழியில் பத்து இடங்களில் நிறுத்த ஆசை வரும். இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனையிலிருந்து ஆழியாறு நீர்த்தேக்கமும் அதற்கு அப்பால் பொள்ளாச்சிச் சமவெளியும் விரிந்து கிடக்கும். நம் மாநில விலங்கான வரையாடு, அந்தப் பகுதியின் பாறைச் சரிவுகளில் சாலையோரம் வரை இறங்கி வரும். அதற்கு எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். சாலையோரத்தில் தீனி கிடைக்குமென்று பழகிய ஆடு வண்டியில் அடிபட்டுச் சாகும்.

நான் பார்த்த தவறுகளிலேயே அதிகம் நடப்பது இந்த முதல் நிறுத்தத்தில்தான். காருக்குள் ஏசி ஓடிக்கொண்டிருக்கும், லென்ஸ் குளிர்ந்திருக்கும், வெளியே எடுத்த நொடியில் ஈரக்காற்று அதன்மேல் படிந்து, கண்ணாடி பால்போல் வெளுத்துவிடும். துடைத்தால் மீண்டும் படியும். கால்மணி நேரம் கழிந்து அது தெளியும்போது வரையாடு போயிருக்கும். ஆகவே அடிவாரத்திலேயே ஏசியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி வையுங்கள். கேமராப் பையும் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்துவிடும். உங்களுக்கும் காட்டின் மணம் கிடைக்கும்.

6. முதல் நாள் பிற்பகல்: படமெடுக்காமல் இடம் பார்த்தல்

பெரும்பாலோர் தவிர்த்துவிடும் படி இது. மறுநாள் விடியலில் எங்கே நிற்கப் போகிறீர்கள் என்பதை முந்தைய நாள் வெளிச்சத்திலேயே போய்ப் பார்த்து, முக்காலியை ஊன்றும் இடத்தைக்கூட முடிவு செய்துவிட வேண்டும். மலையில் வெளிச்சம் உங்களுக்காகக் காத்திருக்காது. நம் அட்சரேகையில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக மேலெழுவதால், பொழுது புலர்வதற்கும் சூரியன் தலைகாட்டுவதற்கும் இடைப்பட்ட நேரம் இருபது நிமிடத்துக்குச் சற்றே அதிகம். அதன் பிறகான பொன்னிற வெயிலும் விரைவில் வெளுத்துவிடும். அந்த நேரத்தில் இடம் தேடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்துவிடும்.

கைப்பேசியின் திசைகாட்டியை எடுத்துக்கொண்டு நில்லுங்கள். சூரியன் எழப்போகும் பாகையில் எந்த மலை இருக்கிறது என்று பாருங்கள். அந்த மலை உயரமாக இருந்தால், கடிகாரத்தின் சூரியோதய நேரத்துக்கு இருபது முப்பது நிமிடம் கழித்தே உங்கள் சரிவில் வெயில் விழும். வால்பாறையிலிருந்து ஆனைமுடிச் சிகரம் தென்கிழக்கில் இருப்பதால், அந்தப் பக்கம் நோக்கும் நல்லமுடி பூஞ்சோலைக் காட்சிமுனையில் காலை வெயில் எதிரே இருந்து வரும். அப்போது மலைகள் நிழலுருவ அடுக்குகளாகத் தெரியும். பாறையின் மடிப்பும் காட்டின் நிறமும் வேண்டுமானால் பிற்பகலில்தான் போக வேண்டும். ஆனால் அதற்குள் மேகம் ஏறி மூடிவிடவும் கூடும். இரண்டில் எது வேண்டும் என்பதை இருவரும் அங்கேயே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

பிறகு, கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்புபவர்களிடமோ பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களிடமோ யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேளுங்கள். நாங்கள் ஒருமுறை ஒரு சரிவைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிற்க, கூடையை இறக்கிவைத்த ஓர் அம்மா, “அங்கிட்டுப் போகாதீங்க கண்ணு, நேத்து ராத்திரி லயத்துப் பக்கம் நின்னுச்சு” என்றார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்பு வரிசை. இடத்தை மாற்றிக்கொண்டோம். யானைகள் அருகில் இருப்பதை அறிவிக்கச் சாலைச் சந்திப்புகளில் சிவப்பு விளக்குகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அது எரிந்தால் அன்றைய திட்டத்தைக் கைவிட்டு அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

7. இரண்டாம் நாள் விடியல்

முந்தைய இரவிலேயே பேட்டரியைச் செருகி, கார்டைக் காலியாக்கி, பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே சேமிக்கும் ரா வடிவத்தில் கேமராவை வைத்து, அதை முக்காலியோடு பூட்டும் தகட்டைப் பொருத்திவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் செய்யும் வேலைகளில்தான் தகடும் திருகும் தொலைந்துபோகின்றன. சூரியோதயத்துக்கு நாற்பது நிமிடம் முன்பே எழுந்து தேநீர் குடித்துவிட்டு, தங்குமிடத்தின் வேலிக்குள்ளேயே நில்லுங்கள். தரை தெளிவாகத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வரும்வரை வெளியே நடக்காதீர்கள். சிறுத்தையாலும் யானையாலும் உயிரிழப்புகள் நிகழ்ந்த ஊர் இது. தோட்டத்து மக்களே அந்த நேரத்தில் தனியாக நடக்கத் தயங்குவார்கள்.

முக்காலியைச் சரிவில் ஊன்றும்போது இரண்டு கால்கள் பள்ளத்தின் பக்கமும் ஒரு கால் மேட்டின் பக்கமும் இருக்கட்டும். அப்படி வைத்தால் அது கீழ்நோக்கிச் சாயாது. லென்ஸின் அசைவுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். அபர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) எஃப் 8 முதல் 11 வரை, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100. ஷட்டர் வேகம் எவ்வளவு குறைந்தாலும் முக்காலி தாங்கிக்கொள்ளும். விரலால் அமுக்கினால் கேமரா நடுங்கும் என்பதால் இரண்டு நொடி டைமரில் எடுங்கள்.

மூடுபனியைப் படமெடுக்கும்போது ஏறக்குறைய எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்கிடும். வெள்ளை மூடுபனியைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கி, அழுக்குத் துணிபோல் பதிவு செய்யும். ஆகவே படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டல் பக்கமாக முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை நகர்த்துங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தை நெருங்கலாம், முட்டக் கூடாது. கைப்பேசியில் என்றால், மூடுபனியின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்று மேலே இழுங்கள். அதற்கும் முன்பு கைப்பேசியின் லென்ஸைத் துணியால் துடையுங்கள். விரல்ரேகை படிந்த லென்ஸ்தான் பாதிப் படங்களில் சூரியனைச் சுற்றிப் புகையைப் பரப்புகிறது.

சூரியன் வந்த பிறகு எல்லோரும் சூரியனையே எடுப்பார்கள். ஒருமுறை திரும்பி உங்களுக்குப் பின்னால் பாருங்கள். தேயிலைப் புதர்களின் மேற்பரப்பில் வெயில் வழுக்கிக்கொண்டு வரும். புதர்களுக்கு இடையிலான நடைவழிகள் மட்டும் இருண்டிருக்கும். சரிவு முழுவதும் ஆமையோடுபோல் கட்டம் கட்டமாக எழுந்து நிற்கும். நிழல் நீளமாக இருக்கும் கால்மணி நேரத்துக்கு மட்டுமே இந்தக் கட்டங்கள் தெரியும். வெயில் ஏறினால் அதே சரிவு தட்டையான பச்சைத் துணியாகிவிடும்.

படமெடுக்காதவர் இந்த நேரத்தில் மூடுபனியின் நகர்வைச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். மூடுபனி ஒரேயடியாக ஏறாது. பள்ளத்திலிருந்து எழுந்து வரும், ஒரு மரத்தை விழுங்கும், விடும், மீண்டும் வரும். ஒற்றைச் சவுக்குமரம் பாதி மறைந்து பாதி தெரியும் நேரம் பத்து நொடிகூட இருப்பதில்லை. “இப்ப, இப்ப” என்று ஒருவர் சொல்ல மற்றவர் எடுப்பது, தனியாளாகச் செய்ய முடியாத காரியம்.

ஒன்றரை மணி நேரம் ஆனதும் கேமராவை மூடிவிடுங்கள். வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தாலும் மூடிவிடுங்கள். அது நீங்கள் வீட்டில் செய்துகொண்ட உடன்பாடு. ஃபிளாஸ்கில் மிச்சமிருக்கும் காப்பியை அப்போது குடிக்கலாம்.

8. பகல்: காட்டின் நிழலும் ஓடையும்

பத்து மணிக்குப் பிறகு திறந்த வெளியில் வெயில் கடுமையாகிவிடும். மூன்று மணி வரை இருவரும் சேர்ந்து நிழலுக்குள் உலவுங்கள்; இது பொது நேரம் என்பதால் கேமரா இடையிடையே மட்டும் வெளியே வரட்டும். புதுத்தோட்டம் பகுதியில் சாலையோர மரங்களில் சோலைமந்திகளைப் பார்க்கலாம். சிங்கவால் குரங்கு என்பதும் அதுவே. கருத்த முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரிமயிர் விரிந்திருக்கும். மரத்துக்கு மரம் கடக்கக் கிளைப்பாலங்கள் கட்டியிருந்தாலும் இந்த மந்திகள் சாலையிலும் இறங்கும். ஆகையால் வண்டியை வேகம் குறைத்து ஓட்டி, சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். கருமயிரை எடுக்கும்போது ஒளிமானியின் பிழை மறுபக்கம் விழும்: கருமையைச் சாம்பலாக்கிவிடும். எனவே கழித்தல் பக்கமாகச் சற்று நகர்த்துங்கள்.

ஓடும் நீரைப் பட்டுபோல் காட்டக் கால் நொடி முதல் ஒரு நொடி வரையிலான ஷட்டர் வேகம் போதும். அதற்கு மேல் போனால் நீரின் இழைகள் மறைந்து வெறும் வெள்ளையாகிவிடும். மேகமூட்டமான நேரமே இதற்கு ஏற்றது. வெயில் திட்டுத்திட்டாக விழுந்தால் பாறை கருத்து, நீர் வெளுத்து, இரண்டும் கெடும். போலரைசரைச் சுழற்றி, பாறையின் ஈரப் பளபளப்பு அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

கூழாங்கல் ஆற்றில் கரையோடு நின்றுவிடுங்கள். மேலே மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே நீர் உயரும். வால்பாறையின் ஆறுகளில் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. முக்காலியை ஆற்றுக்குள் ஊன்றி எடுத்த படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை நான் எடுக்க மாட்டேன்.

9. விலங்கு எதிர்ப்பட்டால்

காட்டெருதோ யானையோ சாலையில் நின்றால் வண்டியை விட்டு இறங்காதீர்கள். தூரத்திலேயே நிறுத்தி, இன்ஜினை உறுமவிடாமல், ஒலியெழுப்பாமல், ஃபிளாஷ் அடிக்காமல் காத்திருங்கள். யானை காதை விரித்துத் திரும்பினால் மெல்லப் பின்வாங்குங்கள். ஓட்டுபவர் படமெடுக்கக் கூடாது. படமெடுப்பவர் ஓட்டக் கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை.

இருவாச்சியின் இறக்கைச் சத்தம் பெரிய துணியை வீசி உதறுவதுபோல் தலைக்கு மேல் கேட்கும். முதலில் கேட்கப் பழகிக்கொண்டால், பறவை மரத்திலிருந்து வெளிவருவதற்கு முன்பே லென்ஸை உயர்த்திவிடலாம். கூடு இருக்கும் மரம் தெரிந்தால் அதன் அடியில் நிற்காதீர்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் அடைபட்டிருக்கும். ஆண் பறவை இரை கொண்டுவரத் தயங்கினால் பட்டினி கிடப்பது அந்தப் பெண் பறவையும் குஞ்சும்தான்.

10. இருவரும் இருக்கும் ஒரு படம்

ஒருவரே எப்போதும் படமெடுப்பதால், திரும்பி வந்து பார்த்தால் இருவரும் சேர்ந்த படம் ஒன்றுகூட இராது. மாலை வெளிச்சத்தில் இதற்கென்று கால்மணி நேரம் ஒதுக்குங்கள். கேமராவை முக்காலியில் வைத்து, பத்து நொடி டைமரில், தொடர்ந்து ஐந்து படங்கள் எடுக்கும்படி அமையுங்கள். நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் ஒருவரை நிறுத்தி முதலில் ஃபோகஸ் செய்து, அதை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் கேமரா பின்னால் உள்ள மலையில் போய் ஃபோகஸ் செய்துவிடும்.

சட்டத்தில் உங்கள் உருவம் சிறியதாக இருக்கட்டும். பச்சைச் சரிவில் கடுகு மஞ்சள் சால்வை ஒரு புள்ளியாகத் தெரிந்தால்தான் அந்த மலையின் அளவு பார்ப்பவருக்குப் புரியும். கேமராவை விட்டு நடந்துபோகும்போது முன்பக்கம் பார்த்தே நடங்கள். பள்ளத்துக்கு முதுகைக் காட்டிப் பின்னோக்கி ஓரடி வைப்பதால்தான் காட்சிமுனைகளில் விபத்து நடக்கிறது. கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் ஒருபோதும் போகாதீர்கள்.

11. அன்றிரவும் திரும்பிய பிறகும்

அறைக்கு வந்ததும் கேமராவை உடனே பையில் அடைக்காதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் மேசைமேல் வைத்துவிட்டு, பிறகு சிலிக்கா ஜெல்லுடன் மூடுங்கள். ஈரத்தோடு அடைத்த லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்தால், சுத்தம் செய்யும் செலவு பயணச் செலவைத் தாண்டும். படங்களை இரண்டாவது ஓரிடத்தில் நகலெடுத்து வையுங்கள். ஆனால் அன்றிரவே எதையும் அழிக்காதீர்கள். களைத்த கண்ணுக்கு எல்லாமே மோசமாகத் தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் புதிய இடம் தேடாமல், முந்தைய நாள் நின்ற அதே சரிவில் மீண்டும் நில்லுங்கள். ஓரிடத்தை இரண்டு விடியல்களில் பார்ப்பது ஆறு இடங்களை அவசரமாகப் பார்ப்பதைவிட நல்ல படங்களைத் தரும் என்பது என் உறுதியான அனுபவம். மேகம் வேறு, மூடுபனியின் உயரம் வேறு. நிற்கும் இடம் மட்டும் பழகியிருக்கும். இறங்கும்போது வண்டியை இரண்டாவது கியரில் வையுங்கள். நாற்பது வளைவுகளுக்கும் பிரேக்கையே நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படங்களைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை எடுத்திருந்தாலும் இருபதுக்குள் நிறுத்துங்கள். கூடு, அரிய விலங்கு ஆகியவற்றின் படங்களைப் பகிர்வதாக இருந்தால் இருப்பிடக் குறிப்பை நீக்கிவிடுங்கள். தேர்ந்தெடுத்ததில் இரண்டை அச்சிட்டு, பின்பக்கத்தில் தேதி, மணி, நின்ற இடம், பார்த்த திசை நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். எங்கள் வீட்டுப் படங்களின் பின்னால் இருப்பது என் கணவரின் கையெழுத்து. அடுத்த பயணத்துக்கு மாதத்தைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது, நாங்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தப் பென்சில் எழுத்தைத்தான்.